பென்சிலில் நிலக்காட்சி: தூரமும் ஆழமும் தாளில் வருவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சிலால் நிலக்காட்சி வரையத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே இடத்தை வைத்துக்கொள்கிறேன்: தென்காசிப் பக்கத்து வயல்வெளி. முன்னால் வரப்பும் பனையும், நடுவில் ஒரு குளம், பின்னால் அடுக்கடுக்காக மேற்குத் தொடர்ச்சி மலை. ஆழம் காட்டப் பழகுவதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊரில் மலை இல்லாவிட்டாலும் இங்கே சொல்வது எல்லாம் பொருந்தும்.

முதல் கோடு எங்கே போட வேண்டும்? மலையா, சாலையா, மரமா?

மூன்றும் இல்லை. முதலில் கண்மட்டக் கோடு. நீங்கள் நிற்கும் அல்லது உட்கார்ந்திருக்கும் இடத்தில் உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் காட்சிக்குக் குறுக்கே ஓடும் கிடைக்கோடு அது. கடற்கரையில் தொடுவானமாக அது கண்ணுக்கே தெரியும். வயல்வெளியில் மரமும் மலையும் மறைத்திருக்கும், ஆனாலும் அது அங்கேதான் இருக்கிறது. பார்வைக் கோடுகள் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன.

அதைத் தாளின் சரிபாதியில் போடாதீர்கள். வானமும் மலையும் முக்கியம் என்றால் கீழ் மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். வயலும் குளமும் முக்கியம் என்றால் மேலே ஏற்றுங்கள். எதை வரைய வந்தீர்கள் என்பதை இந்த ஒரு கோட்டிலேயே முடிவு செய்துவிடுகிறீர்கள். அதனால் அவசரப்படாமல் யோசித்துப் போடுங்கள்.

மலை மறைக்கும்போது கண்மட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாதி தண்ணீர் உள்ள கண்ணாடி பாட்டிலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு வட்டமாகத் தெரிந்தால் பாட்டிலை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். அது ஒரே கோடாகத் தெரியும் இடம்தான் கண்மட்டம். அந்தக் கோட்டை அப்படியே காட்சிக்குள் நீட்டிப் பாருங்கள்: பனையின் எந்த இடத்தில் வெட்டுகிறது, மலையடியில் எங்கே படுகிறது?

இன்னொரு வழி மனிதர்கள். சமதரையில் நீங்கள் நின்று வரைந்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் அதே கோட்டில்தான் வரும். பக்கத்தில் நிற்பவரும் தூரத்து வரப்பில் நடப்பவரும் ஒன்றுதான், கால்கள் மட்டும் இடம் மாறும். நீங்கள் வரப்பில் உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு நிற்பவர்களின் இடுப்புப் பக்கம் வெட்டும். படத்தில் தூரத்து ஆள் காற்றில் மிதப்பது போலவோ பள்ளத்தில் நிற்பது போலவோ தெரிந்தால், இந்த விதி பிசகியிருக்கிறது என்று பொருள்.

மலையடி பற்றி ஒரு கணக்கு. உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலும் மலையடி 5 கிலோமீட்டர் தூரத்திலும் இருந்தால், நீட்டிய கையில் பிடித்த தாளில் மலையடிக்கும் கண்மட்டத்துக்கும் இடையே கால் மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் கோடே அதைவிடத் தடிமன். ஆக, சமவெளியில் தூரத்து மலை கண்மட்டக் கோட்டின் மேலேயே உட்காரும். நிறையப் பேர் மலையடியை வயலின் நடுவே இறக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மலை சட்டென்று பக்கத்தில் வந்து, அதன் உயரமும் போய்விடும்.

என்ன பென்சில், என்ன தாள் வாங்க வேண்டும்?

நான்கு பென்சில் போதும்: 2எச், எச்பி, 2பி, 6பி. பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. இந்த முறைக்கு பிரான்சில் நிக்கோலா ஜாக் கோன்டே 1795-ல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் எச் பக்கம் கடினமாகும், கிராஃபைட் கூடினால் பி பக்கம் மென்மையாகவும் கருமையாகவும் வரும். அப்சரா, கேம்லின் எதுவாக இருந்தாலும் பழகுவதற்குத் தாராளம்.

தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஜெராக்ஸ் தாளில் 6பி பிடிக்காது, இரண்டு முறை அழித்தால் பஞ்சு கிளம்பும். 150 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைக் குறிக்கும் எடை அளவு) மேல் உள்ள, லேசாகச் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள். சாதாரண ரப்பரோடு, பிசைந்து உருமாற்றக்கூடிய மெழுகு போன்ற ரப்பர் ஒன்றும் வேண்டும். அது தேய்க்காமல் ஒற்றி எடுக்க உதவும். மேகத்துக்கு அதுதான் சிறந்த கருவி.

ஒரு புள்ளி, இரு புள்ளி பெர்ஸ்பெக்டிவ் எல்லாம் வயலுக்கு எப்படிப் பொருந்தும்?

பெர்ஸ்பெக்டிவ் என்பது தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்து, கோடுகள் ஒரு புள்ளியில் சேர்வதைத் தாளில் காட்டும் முறை. புத்தகங்களில் ரயில் பாதையும் கட்டடமும் வரைந்து காட்டுவதால் இந்தக் குழப்பம் வருகிறது. சட்டம் ஒன்றே: நிலத்தில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கிடைக்கோடுகள் எல்லாம் கண்மட்டத்தில் ஒரே மறைபுள்ளியில் சேரும். திசை மாறினால் புள்ளி மாறும், கோடு மாறாது. வரப்புகள் நூல் பிடித்தது போல் இருப்பதில்லை. ஒவ்வொரு வயலும் கொஞ்சம் திரும்பியிருக்கும். ஆகவே ஒவ்வொரு வரப்புக்கும் தனி மறைபுள்ளி இருக்கலாம், பல புள்ளிகள் தாளுக்கு வெளியே போகலாம். எல்லாம் கண்மட்டக் கோட்டிலேயே இருந்தால் போதும், தரை சமமாகக் கிடக்கும்.

வரப்பு திசையைவிட அதிகம் தவறுவது வயலின் அகலம். காலடியில் இருக்கும் வயல் தாளில் மூன்று விரல் உயரம் என்றால், அதே அளவுள்ள நான்காவது வயல் ஒரு நூல் அளவுதான் தெரியும். தூரத்து வயல்களை நம் மனம் மேலிருந்து பார்ப்பது போல விரித்துவிடுகிறது. கண் சொல்வதை நம்புங்கள். பென்சிலைக் கிடையாகப் பிடித்து ஒவ்வொரு வரப்புக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

மேடு ஏறும் சாலை, வளையும் சாலை?

சாலை மேடேறினால் அதன் ஓரங்கள் கண்மட்டத்துக்கு மேலே உள்ள ஒரு புள்ளியில் சேரும். இறங்கினால் கீழே உள்ள புள்ளியில் சேரும். பக்கத்து வீட்டின் சுவர்க்கோடுகள் வழக்கம்போல் கண்மட்டத்துக்கே போகும். இந்த இரண்டும் வேறுபடுவதால்தான் சாலை ஏறுகிறது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. சாலை நடுவே ஒரு பள்ளத்தில் இறங்கி மறைந்து மறுபக்கம் தெரிந்தால், அங்கே அகலம் திடீரென்று குறைய வேண்டும். அந்தத் திடீர்க் குறைவுதான் பள்ளத்தின் ஆழம்.

வளைவுகளைப் பொறுத்தவரை, முன்னால் உள்ள வளைவு தாராளமாகவும் தூரத்து வளைவு கிட்டத்தட்ட கிடைக்கோடாகவும் இருக்கட்டும்.

மின்கம்பங்களைச் சரியான இடைவெளியில் நிறுத்துவது எப்படி?

கண்ணால் குத்துமதிப்பாக வைத்தால் தூரத்துக் கம்பங்கள் நெருக்கம் போதாமல் நிற்கும். எளிய வழி ஒன்று உண்டு. முதல் கம்பத்தை வரைந்து, அதன் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் மறைபுள்ளிக்கு மெல்லிய கோடு இழுங்கள். இரண்டாவது கம்பத்தை உங்களுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்துங்கள். இப்போது முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து, இரண்டாவது கம்பத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால் அது அடிக்கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கே மூன்றாவது கம்பம். இரண்டாவதின் உச்சியிலிருந்து மூன்றாவதின் நடு வழியாக இழுத்தால் நான்காவது. வேலிக்கால், சாலையோரப் புளியமரம், பாலத்தின் தூண் எல்லாவற்றுக்கும் இதுவே.

கோடெல்லாம் சரியாக இருந்தும் மலைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகத் தெரிகின்றன. ஏன்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். நிலக்காட்சியில் ஆழத்தைத் தருவதில் கோட்டின் பங்கு பாதிகூட இல்லை. மலைக்கு மறைபுள்ளி கிடையாது. மலையைத் தூரம் தள்ளுவது காற்று. அதாவது பென்சில் வேலையில் டோன்: ஓர் இடம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருமை என்ற அளவு.

நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்றில் ஈரமும் தூசியும் இருக்கின்றன. அவை ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. அதனால் தூரத்தில் இருக்கும் நிழலின் மேல் ஒரு வெளிச்சத் திரை விழுகிறது. தூரம் கூடக் கூட அது கனக்கும். விளைவு மூன்று: கருமை வெளுக்கும், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும், ஓரங்கள் மென்மையாகும். வண்ணத்தில் வரைபவருக்கு நீலம் கைகொடுக்கும், நமக்கு இந்த மூன்றும்தான். லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் இந்தக் காற்றுப் பார்வையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1473 ஆகஸ்ட் 5 என்று தேதியிட்டு அவர் பேனாவால் வரைந்த ஆர்னோ பள்ளத்தாக்குக் காட்சி ஃப்ளோரன்ஸ் நகரின் உஃபீஸி காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சமவெளி பின்னால் போகப் போகக் கோடுகள் மெலிந்து கொண்டே போகும்.

தாளில் செய்வது இப்படி. கடைசி மலையை 2எச் பென்சிலால், முனையைப் படுக்க வைத்து, வானத்தைவிட ஒரு சாயல் மட்டும் கூடுதலாக. உள்ளே மடிப்போ மரமோ எதுவும் வேண்டாம். அதற்கு முந்தைய மலை எச்பி, ஒன்றிரண்டு மடிப்பு. அதற்கும் முன்னால் உள்ள குன்று 2பி, இங்கே மரக்கூட்டம் என்று புரியும் அளவுக்குத் திட்டுகள். 6பி முன்னால் உள்ள பனைக்கும் வரப்பின் நிழலுக்கும் மட்டுமே. தூரத்து மலையில் ஓர் இடத்திலாவது 6பி பட்டுவிட்டால் அந்த இடம் முன்னால் குதித்து வந்துவிடும்.

இதோடு இன்னொன்று. ஒவ்வொரு மலையையும் உச்சி ஓரத்தில் சற்று அழுத்தமாகத் தொடங்கி, அடிவாரத்தை நோக்கி வெளுத்துக்கொண்டே வாருங்கள். பள்ளங்களில் பனிப்புகை தங்குவதால் இயற்கையில் அப்படித்தான் இருக்கும். ஒரு மலையின் வெளுத்த அடிக்கு முன்னால் அடுத்த மலையின் அழுத்தமான உச்சி வரும்போது இரண்டும் தானாகவே பிரிந்து நிற்கும்.

எந்த நேரத்தில் உட்கார்ந்தால் அடுக்குகள் நன்றாகத் தெரியும்?

தென்காசி, பொள்ளாச்சி, தேனி எல்லாம் மலைக்குக் கிழக்கே உள்ள ஊர்கள். காலையில் சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும். மலை முழுக்க நேர் வெளிச்சம் விழுந்து நிழல் ஒளிந்துகொள்ளும். பாறையும் காடும் தெளிவாகத் தெரியும், அடுக்கு தெரியாது. மாலை மூன்றரை நான்கு மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் சாயும்போது, காற்றில் உள்ள தூசியும் ஈரமும் ஒளியேறி, மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக வெட்டி வைத்த தாள்கள் போலப் பிரியும். புதிதாகப் பழகுபவர்கள் மாலையில் போங்கள். டோனை நீங்கள் தேட வேண்டாம், அதுவே தெரியும்.

மழை பெய்து விட்ட மறுநாள் காற்று கழுவிவிட்டது போல் இருப்பதால் மலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். பார்க்க அழகு, ஆழம் வரைவதற்குச் சிரமம். அன்றைக்குத் தூரத்து மலையை நீங்களாகவே ஒரு படி வெளுக்க வைத்துக்கொள்ளலாம். அதில் தவறே இல்லை.

எத்தனை டோன் வேண்டும்? எந்த வரிசையில் போடுவது?

ஐந்து. தாளின் ஓரத்தில் ஐந்து சிறிய கட்டங்கள் போட்டு, வெள்ளையிலிருந்து உங்கள் 6பி தரக்கூடிய முழுக் கருமை வரை நிரப்பிக்கொள்ளுங்கள். கண்ணைப் பாதி மூடிக் காட்சியைப் பாருங்கள். விவரங்கள் கரைந்து நான்கைந்து பெரிய திட்டுகள் மிஞ்சும். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு கட்டத்தை ஒதுக்குங்கள்.

பெரும்பாலான பகல் காட்சிகளில் வானம்தான் அதிக வெளிச்சம். மேலிருந்து ஒளி வாங்கும் தரை அடுத்தது. சரிவுகள் அதற்கும் அடுத்தது. நிமிர்ந்து நிற்கும் மரங்கள்தான் கருமையானவை. பச்சைப் பசேலென்ற நெல்வயலை மரத்தளவு கருப்பாக்கி விடுபவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வேலை செய்யும் வரிசை: வானம், கடைசி மலை, உடனே முன்னால் உள்ள கருமையில் ஒரு சிறு துண்டு. வெளுப்பின் எல்லையும் கருப்பின் எல்லையும் தாளில் இருக்கும்போதுதான் நடுவில் உள்ளவற்றைச் சரியாக வைக்க முடியும். வானத்திலிருந்து கீழ்நோக்கி ஒழுங்காக இறங்கி வந்தால், வயலை அடையும்போது கொடுப்பதற்குக் கருமை மிஞ்சாது.

விரலால் தேய்த்து மழுப்பலாமா?

விரலால் வேண்டாம். விரலின் எண்ணெய் தாளில் ஏறினால் அந்தக் கறை ரப்பருக்கு அசையாது. டிஷ்யூ தாளோ, தாளைச் சுருட்டிச் செய்த ஸ்டம்போ பயன்படுத்துங்கள். அதுவும் வானத்துக்கும் கடைசி மலைக்கும் மட்டும். முன்னால் கோடு கோடாகவே இருக்கட்டும். பின்னால் மழுப்பல், முன்னால் கீறல் என்ற இந்த வேறுபாடே ஆழத்தைக் கூட்டும். கோட்டின் திசையும் பேசும்: தரைக்கும் தண்ணீருக்கும் கிடையாக, சரிவுக்குச் சரிவின் போக்கில்.

மரங்களை எப்படி வரைவது? இலை இலையாகவா?

இலையை மறந்துவிட்டு உருவத்தைப் பாருங்கள். புளியமரம் பல குவியல்கள் சேர்ந்தது. ஒவ்வொரு குவியலுக்கும் மேலே வெளிச்சமும் அடியில் நிழலும் உண்டு. நடுநடுவே வானம் தெரியும் ஓட்டைகளை முழு வெள்ளையாக விடாதீர்கள். சுற்றியுள்ள கிளைகளால் அவை வெளிவானத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

பனை நேராக நிமிரும், தலை உருண்டை, ஓலை விறைப்பு. தென்னை வளையும், மட்டை தொங்கும். நம்மை நோக்கி நீளும் மட்டை மிகக் குட்டையாகத் தெரியும். அதைத் துணிந்து குட்டையாகவே போடுங்கள். பக்கவாட்டில் விரிந்த மட்டைகளை மட்டும் வரைந்தால் மரம் சுவரில் ஒட்டிய படம் போலாகிவிடும்.

ஆழத்துக்குப் பனையைப் போல உதவும் மரம் வேறில்லை. முன்னால் ஒன்று, குளத்துக்கரையில் ஒரு வரிசை, மலையடியில் வெறும் குச்சியும் புள்ளியுமாகச் சில. ஒரே மரம் மூன்று அளவில் வந்தால் பார்ப்பவர் மனம் தூரத்தைத் தானே கணக்கிட்டுவிடும். தென்காசிப் பக்கம் காற்றாலைகளும் நிற்கும். அவற்றைப் பனைக்குப் பக்கத்தில் வரையும்போது எச்சரிக்கை தேவை. அவை எவ்வளவு பெரியவை என்று பலருக்குப் பழக்கமில்லாததால் மலை சிறுத்துப் போய்த் தெரியும். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

குளத்தில் பிரதிபலிப்பு?

ஒரு பொருளின் பிம்பம் அதற்கு நேர் கீழேதான் விழும், பக்கவாட்டில் சாயாது. கரையில் நிற்கும் மரத்தின் பிம்பம் ஏறத்தாழ மரத்தின் உயரமே இருக்கும். ஆனால் தூரத்து மலையை அப்படியே தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது. கரையும் அதிலுள்ள மரங்களும் பிம்பத்தில் மலையின் பெரும்பகுதியை மறைத்துவிடும், உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். பிம்பத்தில் வெள்ளை சற்று மங்கும், கருப்பு சற்று வெளுக்கும்.

தண்ணீரே ஒரே டோனில் இருக்காது. தூரத்து நீர் வானத்தைக் கண்ணாடி போல் காட்டி வெளிச்சமாக இருக்கும். காலடி நீரை நாம் மேலிருந்து பார்ப்பதால் உள்ளே பார்வை இறங்கும், கருமை கூடும். சிற்றலைகளை முன்னால் அகலமாகவும் பின்னால் போகப் போக நெருக்கமாகவும் போட்டால் குளம் படுத்துவிடும்.

மேகம்?

மேகத்துக்கும் பெர்ஸ்பெக்டிவ் உண்டு. தலைக்கு மேலே பெரிதாக, இடைவெளி விட்டு. மலைப்பக்கம் இறங்க இறங்கச் சிறிதாக, தட்டையாக, நெருங்கி. வானத்தின் உச்சி சற்று அழுத்தம், அடிவானம் வெளுப்பு. குற்றாலச் சாரல் காலத்தில் மேகம் மலைமேல் இறங்கி உச்சியையே விழுங்கியிருக்கும். அப்போது மலையின் உருவத்தை முழுதாக வரைந்துவிட்டு, பிசைந்த ரப்பரால் ஒற்றி ஒற்றி ஓரத்தைக் கலையுங்கள். எல்லா ஓரமும் கத்தி போல் இருந்தால் அங்கே சாரல் இல்லை.

போட்டோ பார்த்து வரைவது தவறா?

இல்லை. 1792-ல் தெற்கே பயணம் வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தவரின் மகன் வில்லியமும் காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியின் துணையோடுதான் வரைந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவியும் அவர்கள் வரைந்தவற்றில் உண்டு. கருவியின் உதவி ஓவியருக்குப் புதிதல்ல.

ஆனால் செல்போன் இரண்டு இடத்தில் ஏமாற்றும். அதன் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பிடிப்பதால் மலை சிறுத்து, முன்னால் உள்ள வெற்றிடம் பெருத்துவிடும். இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். அடுத்தது, நிழல்களைத் தானே வெளுத்து எல்லா மலையையும் ஒரே தெளிவில் காட்டும். அதை அப்படியே நகலெடுத்தால் காற்று போய்விடும். இடத்திலேயே தீப்பெட்டி அளவில் ஒரு டோன் படம் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டில் வரையும்போது வடிவத்துக்குப் போட்டோ, டோனுக்கு அந்தச் சின்னப் படம்.

நேரில் வரைந்தால் மலை மட்டும் எப்போதும் பெரிதாகி விடுகிறதே?

மனம் விரும்பியதைக் கை பெரிதாக்கும். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் அளந்து பாருங்கள். 1,000 மீட்டர் உயர மலை 10 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் நீட்டிய கையில் சுமார் 6 சென்டிமீட்டர்தான். அதே அளவில் பக்கத்துப் பனை எவ்வளவு என்று உடனே ஒப்பிடுங்கள். கை மடங்கினால் அளவு மாறிவிடும், ஒவ்வொரு முறையும் ஒரே நீட்டம் முக்கியம்.

முடித்த படம் பளபளக்கிறது, தொட்டால் கலைகிறது. என்ன செய்வது?

பளபளப்பு, அழுத்தித் தேய்த்த கிராஃபைட்டின் குணம். 2பியால் அழுத்திக் கருப்பாக்குவதைவிட 6பியால் மெதுவாக இரண்டு மூன்று அடுக்கு போட்டால் பளபளப்பு வெகுவாகக் குறையும். மாட் ஃபிக்ஸேட்டிவ் (கிராஃபைட் கலையாமல் பிடித்து வைக்கும், பளபளப்பில்லாத தெளிப்பு) தெளித்தால் மீதமும் அடங்கும். தெளிக்கும்போது மொட்டைமாடியிலோ திறந்த இடத்திலோ, ஓர் அடி தள்ளிப் பிடித்து, லேசாக இரண்டு தடவை. அதற்குமுன் வேண்டிய இடங்களை எல்லாம் அழித்து முடித்துவிடுங்கள், பிறகு ரப்பர் ஏறாது. ஃபிக்ஸேட்டிவ் இல்லாவிட்டால் படத்தின் மேல் பட்டர் தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். வரையும்போதும் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும், வியர்க்கும் ஊரில் அது இல்லாமல் வானம் சுத்தமாக மிஞ்சாது.